குழந்தைகள் சாகாத தீவு! ஸ்வீடனில் ஒரு கதை விளையாட்டுப் பயணம்

ஸ்டாக்ஹோம் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும். 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-ல் கடலிலிருந்து தூக்கி எடுக்கப்பட்ட வாசா கப்பல், அரண்மனை, நோபல் பரிசு அருங்காட்சியகம்... என் பட்டியலில் இவற்றோடு ஒரு புத்தகக் கடையும் இருந்தது.

பழைய நகரமான காம்லா ஸ்டானில், சுற்றுலாப் பயணிகள் தோளோடு தோள் உரசி நடக்கும் வெஸ்டர்லோங்காட்டன் தெருவில் இருக்கிறது அந்தக் கடை. பெயர், சயின்ஸ் ஃபிக்‌ஷன் பூக்ஹாண்டெல்ன். அறிபுனைக் கதைகளுக்கான புத்தகக் கடை என்று அர்த்தம். வெளியே ஐஸ்க்ரீமும் வைக்கிங் பொம்மைகளும் விற்றுக்கொண்டிருக்க, உள்ளே இன்னோர் உலகம். நான் தேடி வந்தது நாவல்களை அல்ல. ஓர் அலமாரி முழுக்க அடுக்கியிருந்த தடித்த அட்டைப் புத்தகங்களையும் பெட்டிகளையும். அத்தனையும் விளையாட்டுகள். அவற்றில் பல, ஸ்வீடனிலேயே பிறந்தவை.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நான்கு சிறுவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பகடை உருட்டி, பூதத்தோடு சண்டை போடுவார்கள். அந்த விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ல் வெளிவந்தது. இந்த வகை விளையாட்டுகளுக்கு ரோல் பிளேயிங் கேம் என்று பெயர். உலகம் முழுக்க இதற்கு நூற்றுக்கணக்கான தம்பி, தங்கைகள் உண்டு. பெரும்பாலானவற்றின் பெயர்கூட வெளியே தெரியாது. அப்படிப்பட்ட சில தம்பி, தங்கைகளை அவர்களின் சொந்த ஊரிலேயே பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் இந்தப் பயணம்.

போர்டும் இல்லை, காயும் இல்லை!

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். தாயக்கட்டம் போலக் கட்டமோ, காய்களோ அவசியமில்லை. ஒரு தாள், பென்சில், பகடைகள் போதும்.

"காட்டுக்குள்ள ஒரு பழைய வீடு. கதவு லேசா திறந்திருக்கு. உள்ள யாரோ அழுற சத்தம். என்ன செய்றே?" என்று கேட்பார் கதை நடத்துபவர்.

"நான் சத்தம் போடாம எட்டிப் பார்க்கிறேன்."

"முடியுதான்னு பார்ப்போம். பகடையை உருட்டு!"

விழும் எண்ணைப் பொறுத்து, ஒன்று உள்ளே இருப்பவரைப் பார்ப்பீர்கள். அல்லது காலடியில் சுள்ளி உடைந்து, உள்ளே இருப்பவர் உங்களைப் பார்ப்பார். அங்கிருந்து கதை நகரும். முடிவு என்னவென்று நடத்துபவருக்கும் முழுதாகத் தெரியாது.

எப்போது பகடை உருட்ட வேண்டும், எத்தனை விழுந்தால் வெற்றி, தோற்றால் என்ன ஆகும் என்று சொல்லும் விதிகளின் தொகுப்புக்குத்தான் 'சிஸ்டம்' என்று பெயர். பத்து சிஸ்டங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் புரியும். ஒவ்வொரு சிஸ்டமும் பகடையிடம் வேறு வேறு கேள்வி கேட்கிறது. 'வாள் எதிரி மேல் பட்டதா?' என்று கேட்பது ஒரு ரகம். 'பயத்தைத் தாண்டி உள்ளே போனாயா?' என்று கேட்பது இன்னொரு ரகம். எந்தக் கேள்வி முக்கியம் என்று ஓர் ஊர் முடிவு செய்கிறதோ, அதில் அந்த ஊரின் மனசும் தெரிந்துவிடுகிறது.

வாள் ஏந்திய வாத்து

கடை அலமாரியில் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு பெட்டி. 'டிராக்கார் ஓக் டிமோனர்'. டிராகன்களும் பிசாசுகளும் என்று பொருள். ஸ்வீடனின் கதை விளையாட்டுகளில் இது ஒரு மூத்த அண்ணன்.

1982-ல் இது வெளிவந்தபோது ஸ்வீடனின் மொத்த மக்கள்தொகை சுமார் 83 லட்சம். அவ்வளவு சின்ன மொழிச் சந்தையில் யார் விளையாட்டுப் புத்தகம் போடுவார்கள்? 'ஆங்கிலத்திலேயே விளையாடிக்கொள்ளட்டும்' என்று விட்டிருக்கலாம். ஆனால், எவென்டியூர்ஸ்பெல் என்ற பெயரில் இயங்கிய ஒரு ஸ்டாக்ஹோம் பதிப்பகம், அமெரிக்காவின் கேயாசியம் நிறுவனத்துடைய எளிய விதிமுறை ஒன்றை எடுத்து, ஸ்வீடிஷ் மொழிக்கு மாற்றிப் பெட்டியில் போட்டு விற்றது. ஆங்கிலம் சரியாக வராத பத்து வயதுப் பிள்ளைகளும் தங்கள் வீட்டு மொழியில் டிராகனோடு பேச ஆரம்பித்தார்கள்.

இதில் மனிதன், குள்ளன், காட்டு தேவதை போன்ற வழக்கமான பாத்திரங்களோடு இன்னொன்றும் உண்டு. வாத்து! ஆமாம், இரண்டு காலில் நடக்கும், வாள் பிடிக்கும், சட்டென்று கோபப்படும் வாத்து. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். ஸ்வீடன்காரர்கள் அதைக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. 2023-ல் இந்த விளையாட்டு 'டிராகன்பேன்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் உலகச் சந்தைக்குப் போனது. வாத்தும் கூடவே போனது.

விதியும் எளிமை. இருபது முகங்கள் கொண்ட பகடை. உங்கள் திறமைக்கு ஓர் எண் இருக்கும். உதாரணமாக, நீச்சல் 12. பகடையில் 12 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் கரை சேர்வீர்கள். 1 விழுந்தால் அதற்குப் பெயர் டிராகன், அமோக வெற்றி. 20 விழுந்தால் பிசாசு, படுதோல்வி. ஒரே பகடைக்குள் விளையாட்டின் பெயரையே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு கூடுதல் தகவல். இந்த விளையாட்டைப் போட்ட பழைய நிறுவனத்தின் வழியில் வந்ததுதான், இன்று கணினி விளையாட்டு உலகில் பெரிய பெயராக இருக்கும் பாரடாக்ஸ் இன்டராக்டிவ். மேசையில் உருண்ட பகடை எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

தீவுகளுக்கு ஒரு பஸ்

மறுநாள் காலை, மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் ப்ரொம்மாப்ளான் நிலையம் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே மேலாரன் என்ற பெரிய ஏரி. அதற்குள் எகெரோ, ஃபேரிங்சோ, முன்சோ, அடெல்சோ என்று தீவுகள். இவற்றை மொத்தமாக மேலார்யோர்னா என்கிறார்கள். மேலாரன் தீவுகள் என்று அர்த்தம்.

வழியில் லோவோன் தீவில் ட்ரொட்னிங்ஹோல்ம் அரண்மனை. 1991-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். பஸ்ஸில் வந்த கூட்டத்தில் பாதி அங்கே இறங்கிவிட்டது. நான் இறங்கவில்லை. அதற்கு அப்பால்தான் நான் பார்க்க வந்த ஊர்.

அப்படி என்ன ஊர் என்று கேட்டால், ஒன்றுமே இல்லாத ஊர். வயல்கள். சிவப்பு வண்ணம் அடித்த மர வீடுகள். இந்தச் சிவப்பு, ஃபாலுன் என்ற ஊரின் செம்புச் சுரங்கத்திலிருந்து வந்த மண்ணின் நிறம். நாடெங்கும் இதே வண்ணம்தான். வேலி ஓரத்தில் ஒரு பழைய டிராக்டர். ஏரிக்கரையில் நாணல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு சிறுவர்கள். முன்சோவிலிருந்து அடெல்சோவுக்கு மஞ்சள் வண்ணப் படகு ஒன்று வாகனங்களை ஏற்றிக்கொண்டு போகிறது. சாலையின் ஒரு பகுதி என்பதால் அதற்குக் கட்டணம் கிடையாது.

இந்தத் தீவுப் பகுதியில் வளர்ந்தவர் ஓவியர் சைமன் ஸ்டோலன்ஹாக். பிறந்தது 1984-ல். தன் சிறுவயது நிலக்காட்சிகளை அப்படியே வரைந்தார். பனி மூடிய வயல், பழைய வோல்வோ கார், புத்தகப்பையோடு நிற்கும் பிள்ளைகள். கூடவே, தொலைவில் துருப்பிடித்துக் கிடக்கும் ராட்சத ரோபோ! 'இந்தத் தீவுகளுக்கு அடியில் ஒரு பெரிய அறிவியல் ஆய்வுக்கூடம் இருந்திருந்தால்?' என்று ஒரு நடக்காத 1980-களைக் கற்பனை செய்தார். இணையத்தில் பரவிய அந்த ஓவியங்கள் 2014-ல் புத்தகமாயின. ஃப்ரியா லிகான் என்ற ஸ்வீடன் நிறுவனம் அதை வைத்து 2017-ல் 'டேல்ஸ் ஃப்ரம் தி லூப்' என்ற கதை விளையாட்டைக் கொண்டுவந்தது. விதிகளையும் கதையையும் எழுதியவர் நில்ஸ் ஹின்ட்ஸே. அதே ஆண்டு, இந்தத் துறையின் முக்கிய விருதான என்னி விருதுகளில் சிறந்த விளையாட்டுக்கான பரிசு இதற்குத்தான். 2020-ல் அந்த ஓவியங்களை வைத்து அமேசானில் ஒரு தொடரும் வந்தது.

வயது ஏறினால் அதிர்ஷ்டம் குறையும்

இந்த விளையாட்டில் நீங்கள் வீரனோ மந்திரவாதியோ அல்ல. 10 முதல் 15 வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளை. 16 ஆகிவிட்டால் விளையாட்டிலிருந்து வெளியே!

வயதை வைத்து ஒரு கணக்கு வருகிறது. உடல், தொழில்நுட்பம், இதயம், அறிவு என்று நான்கு குணங்கள். அவற்றுக்குப் பிரித்துக்கொள்ள, உங்கள் வயது எத்தனையோ அத்தனை புள்ளிகள். 15 வயதுப் பையனுக்கு 15 புள்ளிகள். 10 வயதுச் சிறுமிக்குப் பத்துதான். அவளுக்கு அநியாயம் இல்லையா? அதற்கு ஈடாக அதிர்ஷ்டப் புள்ளிகள் உண்டு. 15-லிருந்து உங்கள் வயதைக் கழித்தால் வரும் எண். பத்து வயதுக்காரிக்கு ஐந்து. பதினைந்து வயதுக்காரனுக்கு பூஜ்யம். பகடை சரியாக விழவில்லை என்றால் ஒரு அதிர்ஷ்டப் புள்ளியைக் கொடுத்து மறுபடி உருட்டலாம். வளர வளர பலம் கூடும், அதிர்ஷ்டம் குறையும். இதைவிடச் சுருக்கமாக வளர்வதைப் பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை.

பகடைகள் நம் வீட்டில் இருக்கும் சாதாரண ஆறுமுகப் பகடைகள்தான். அறிவு 3, துப்புத் துலக்கும் திறமை 2 என்றால் மொத்தம் 5 பகடைகளை ஒன்றாக உருட்டுங்கள். அதில் ஒரே ஒரு 6 விழுந்தால் போதும், வெற்றி. ஐந்து பகடையில் குறைந்தது ஒரு 6 விழ ஏறத்தாழ 60 சதவிகித வாய்ப்பு. மூன்று பகடை என்றால் 42 சதவிகிதம்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கை வாய்ப்பாடு போலச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. இந்த ஊர் ஆபத்தானது. ஆனால், பிள்ளைகள் சாக மாட்டார்கள். விளையாட்டில் எந்தப் பகடை எப்படி விழுந்தாலும் சரி, ஒரு குழந்தையின் உயிர் போகாது.

அப்படியானால் தோற்றால் என்ன நஷ்டம்? அதை ஒரு மாலையில் நேரிலேயே பார்த்தேன்.

மேசையில் ஐந்து பேர்

நகரின் ஓரத்தில் ஒரு பொதுக்கூடம். வாரம் ஒருநாள் மாலை, யார் வேண்டுமானாலும் வந்து விளையாடலாம். காபி, லவங்கப்பட்டை வாசம் வீசும் பன். இதை 'ஃபீகா' என்பார்கள். காபி குடிக்கும் சாக்கில் உட்கார்ந்து பேசுவது என்று சொல்லலாம். ஃபீகா இல்லாமல் இந்த நாட்டில் எந்த வேலையும் தொடங்காது போலிருக்கிறது.

எங்கள் மேசையில் கதை நடத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஸ்வீடனில் அப்படித்தான். பள்ளியிலும் சார், டீச்சர் கிடையாது. எனக்காக எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டார்கள். மேசையில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, இரண்டு பையன்கள், ஒரு ஓய்வுபெற்ற தாத்தா, நான். தாத்தாவுக்குக் கிடைத்த பாத்திரத்தின் வயது 11. அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்!

கதையில் ஒரு பையனின் அண்ணன் காணாமல்போயிருந்தான். நாங்கள் சைக்கிளில் தேடிப் போகிறோம். பூட்டிய கொட்டகை. உள்ளே விளக்கு. சிறுமி பூட்டைத் திறக்கப் பகடை உருட்டினாள். நான்கு பகடை, ஒரு 6-கூட இல்லை.

இந்த இடத்தில் விதி ஒரு வழி கொடுக்கிறது. இன்னொரு முறை முயலலாம். ஆனால், விலை உண்டு. மனக்கஷ்டம், பயம், சோர்வு, காயம் ஆகிய நான்கில் ஒன்றைத் தாளில் டிக் செய்ய வேண்டும். ஒவ்வொரு டிக்குக்கும் அடுத்தடுத்த முயற்சிகளில் ஒரு பகடை குறையும். அவள் 'பயம்' என்பதை டிக் செய்துவிட்டு மறுபடி உருட்டினாள். ஒரு 6. மேசையே கத்தியது.

கொஞ்ச நேரத்தில் அவள் தாளில் இன்னும் இரண்டு டிக் சேர்ந்துவிட்டது. அதை அழிக்க மருந்து, மந்திரம் எதுவும் இந்த விளையாட்டில் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் 'நங்கூரம்' என்று ஒருவர் உண்டு. அம்மாவோ, பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, நூலகரோ, யாராவது ஒரு பெரியவர். அவரிடம் போய்ச் சிறிது நேரம் இருந்தால் காயம் ஆறும்.

சிறுமி தன் பாத்திரத்துக்குப் பாட்டியை நங்கூரமாக வைத்திருந்தாள். "நான் பாட்டி வீட்டுச் சமையலறைக்குப் போறேன். எதுவும் சொல்லலை. சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றாள். ஆசிரியை பாட்டியாக மாறி, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு, சிறுமி தாளிலிருந்த டிக்குகளை ரப்பரால் அழித்தாள்.

இந்த விளையாட்டில் பெரியவர்கள் உங்கள் ரோபோ கதையை நம்ப மாட்டார்கள். வேலைப்பளு, சண்டை, விவாகரத்து என்று அவர்களுக்கு அவர்கள் கவலை. மர்மத்தைப் பிள்ளைகளேதான் அவிழ்க்க வேண்டும். ஆனால், திரும்பிப் போய் உட்கார ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தன் பிள்ளை சொல்வதை முழுக்க நம்ப முடியாவிட்டாலும் அவனுக்கு ஒரு தட்டு சோறு வைக்க முடியும் என்பது எந்த ஊர் அப்பா, அம்மாவுக்கும் புரியும்.

பெற்றோர் பயந்த காலம்

ஸ்வீடன் பெற்றோர் இதையெல்லாம் எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1991-ல் 'கல்ட்' என்ற விளையாட்டு வந்தது. நாம் பார்க்கும் உலகமே ஒரு பொய்ச் சிறை என்று தொடங்கும் மிக இருண்ட கதை. பெரியவர்களுக்கானது. '90-களில் இந்த வகை விளையாட்டுகளைப் பற்றிக் கடுமையான விவாதம் கிளம்பியது. பிள்ளைகள் நிஜத்தையும் கற்பனையையும் குழப்பிக்கொள்வார்களா, வன்முறைக்குப் போவார்களா என்று கேள்விகள். 1997-ல், இந்த விளையாட்டுகளைச் சாடி, 'கைவிடப்பட்டவர்களின் படை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமே வந்தது.

விளையாட்டுக்காரர்களிடம் இதற்கு ஒரு பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1988-லேயே அவர்கள் 'ஸ்வெரோக்' என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். மூடிய அறைக்குள் ஒளிந்து விளையாடாமல், ஊருக்கு ஊர் சின்னச் சின்னச் சங்கங்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். தலைவர், பொருளாளர், ஆண்டுக் கூட்டம், வரவு செலவு எல்லாம் உண்டு. நடத்துவது இளைஞர்களே. இன்று ஸ்வீடனின் பெரிய இளைஞர் அமைப்புகளில் அதுவும் ஒன்று. மற்ற இளைஞர் அமைப்புகளைப் போல அரசின் மானியமும் கிடைக்கிறது.

மேசையில் என்னோடு இருந்த பையன்களில் ஒருவன்தான் அவர்கள் சங்கத்தின் பொருளாளர். "பகடை, புத்தகம், பன் எல்லாம் நான்தான் கணக்கு வைக்கிறேன்" என்றான் பெருமையாக. அவனுக்கு வயது பதினாலு. 'பிள்ளை என்ன விளையாடுகிறானோ' என்று பயந்த நாட்டில், பிள்ளைகளே பொறுப்பை எடுத்துக் கணக்கும் காட்டுகிறார்கள். கதவைத் திறந்து வைத்ததுதான் பயத்துக்கு மருந்தாக இருந்திருக்கிறது என்று தோன்றியது.

கொல்ல முடியாத பேய்கள்

கடைசி நாள் உப்சாலா. ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 1477-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஊர் நடுவே ஃபிரிஸ் ஆறு, கிட்டத்தட்ட 119 மீட்டர் உயரக் கோபுரங்களோடு தேவாலயம், செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய விஞ்ஞானி லின்னேயஸின் தோட்டம். ஊருக்கு வெளியே காம்லா உப்சாலாவில், ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் பழைமையான மூன்று பெரிய மண்மேடுகள். அரச குலத்தவரின் சமாதிகள். பச்சைப் புல் போர்த்தி, படுத்திருக்கும் யானைகள் போல இருக்கின்றன.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் 'வேசென்' என்ற விளையாட்டு. ஓவியர் யோஹான் எகெர்க்ரான்ஸ் நாட்டார் கதைகளில் வரும் பேய், பூதங்களை வரைந்து வெளியிட்ட புத்தகத்தை அடிப்படையாக வைத்து, அதே நில்ஸ் ஹின்ட்ஸே எழுதியது. 2020-ல் வந்தது. கதை நடப்பது 19-ம் நூற்றாண்டில். தலைமையகம், உப்சாலாவில் ஒரு பாழடைந்த கற்பனைக் கோட்டை. ஊர் நிஜம் என்பதால், ஆற்றங்கரையில் நடக்கும்போது 'அந்தக் கோட்டை இந்தத் திருப்பத்தில்தான் இருக்குமோ' என்று கண் தானாகத் தேடுகிறது.

ஸ்வீடன் கிராமங்களில் 'தோம்தே' என்று ஒரு வீட்டுக் காவல் ஆவியைப் பற்றிச் சொல்வார்கள். குள்ளமான உருவம், நரைத்த தாடி. மாடு கன்றைப் பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு, கிறிஸ்துமஸ் இரவில் ஒரு கிண்ணம் கஞ்சி, மேலே வெண்ணெய் வைக்க வேண்டும். ஒருமுறை வெண்ணெயைக் காணோமே என்று கோபத்தில் அந்த வீட்டுப் பசுவைக் கொன்றுவிட்டதாம் ஒரு தோம்தே. பிறகு கஞ்சியைக் குடித்துப் பார்த்தால், வெண்ணெய் கிண்ணத்தின் அடியில்! வெட்கப்பட்டு, வேறிடத்திலிருந்து அதே மாதிரி ஒரு பசுவைக் கொண்டுவந்து கட்டிவிட்டதாகக் கதை.

'வேசென்' விளையாட்டில் வருவதெல்லாம் இப்படிப்பட்ட ஜீவன்கள். காட்டை அழித்து, ஆற்றில் ஆலை கட்டி, மக்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போகும் காலம் அது. கஞ்சி வைக்க ஆள் இல்லை. ஆவிகளுக்குக் கோபம். உங்கள் பாத்திரங்களுக்கு மட்டும் அவை கண்ணுக்குத் தெரியும். மனசில் பட்ட ஏதோ ஒரு பழைய காயத்தால் வந்த பார்வை அது.

துப்பாக்கியை எடுக்கலாம். ஆனால், பெரும்பாலும் பயன் இல்லை. இந்த ஜீவன்களைச் சுட்டுக் கொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியம், ஒரு சடங்கு உண்டு. ஊர்க்காரர்களிடம் பேசி, பழைய ஏடுகளைப் புரட்டி, யார் யாருக்கு என்ன துரோகம் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். 'எப்படி அழிப்பது?' என்று தொடங்கும் ஆட்டம், 'இதற்கு ஏன் கோபம்?' என்ற கேள்வியில்தான் முடியும். பெரும்பாலும் தப்பு மனிதர்கள் பக்கமே இருக்கும்.

சின்ன மொழி, பெரிய மேசை

ஃப்ரியா லிகான் இன்று 'ஏலியன்', 'பிளேடு ரன்னர்' போன்ற ஹாலிவுட் படங்களின் கதை விளையாட்டுகளையும் வெளியிடுகிறது. 1982-ல் வெளிநாட்டு விதியைத் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்ட நாடு, இன்று தன் விளையாட்டுகளை உலகத்துக்கு அனுப்புகிறது. நடுவில் நடந்தது ஒன்றுதான். அந்தப் பெட்டியைத் திறந்து விளையாடிய தலைமுறை, யாரோ எழுதிய கோட்டைகளோடு நிற்கவில்லை. தங்கள் ஏரி, தங்கள் பஸ் ஸ்டாப், தங்கள் பாட்டி சொன்ன ஆவி ஆகியவற்றை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றுமே இல்லாத ஊர் என்று பஸ்ஸில் போனவர்கள் கடந்துபோன தீவைத்தான் இன்று உலகின் பல மூலைகளில் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றுகிறார்கள், கற்பனையில்.

போகிறவர்களுக்கும், வீட்டில் விளையாடுபவர்களுக்கும்...

* ஸ்வீடனுக்கு ஷெங்கன் விசா தேவை. ரொக்கம் பெரும்பாலும் செல்லாது. கார்டு அவசியம்.

* மேலாரன் தீவுகளுக்குக் கோடைக்காலம் நல்லது. இரவு பத்து மணி வரை வெளிச்சம். அந்த ஓவியங்களின் பனியையும் இருட்டையும் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலம். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.

* கோத்தன்பர்க் நகரில் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி 'கோத்கான்' விளையாட்டுத் திருவிழா நடக்கும். 1977-ல் தொடங்கியது. ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம்.

* 'டேல்ஸ் ஃப்ரம் தி லூப்', 'வேசென்', 'டிராகன்பேன்' மூன்றும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகளோடு தொடங்க 'டிராகன்பேன்' எளிது. 'வேசென்' கொஞ்சம் திகில், பெரிய பிள்ளைகளுக்குச் சரி. 'கல்ட்' பெரியவர்களுக்கு மட்டும்.

* முதல் நாள் விளையாட்டை இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். தொடங்கும் முன், யாருக்கு எது பயம், எது கதையில் வரவே கூடாது என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிடுங்கள். வீட்டிலேயே சின்னவர்தான் முதலில் பகடையை உருட்ட வேண்டும். அதிர்ஷ்டம் அவர்கள் பக்கம்தானே இருக்கிறது!